பொதுவில் வைத்த கணினி: சிங்கையும் கட்டற்ற தமிழ்ப் பணிமேடையும்

தேக்காச் சந்தையிலிருந்து சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்கு நடந்து செல்ல அதிக நேரம் ஆவதில்லை. 1990-களில் அவ்வழியே நடந்தவர் இரண்டு உலகங்களைக் கடந்தார் என்று சொல்லலாம். சிராங்கூன் சாலையில் நகைக்கடை, மளிகைக்கடை, உணவகம் ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளில் தமிழ் இருந்தது. கடை வாயிலில் தமிழ் நாளிதழ் தொங்கியது. சிம் லிமில் கணினிகளும் உதிரிப் பாகங்களும் மாடி மாடியாகக் குவிந்திருந்தன. அவற்றின் திரைகளில் தமிழ் இல்லை. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகிய தமிழ் சாலையில் வாழ்ந்தது. கணினியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை யார் தருவது? விற்பனையாளர் தருவாரா, அரசு தருமா, மொழியைப் பேசுவோரே உருவாக்கிக்கொள்வதா? இக்கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழர் கண்ட விடைகளுள் ஒன்றே இவ்வுரையின் பொருள். பலர் கூடி எழுதி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து பொதுவில் வைத்த இயங்குதளத்தைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அத்தகைய கணினிப் பணிமேடைக்குத் தமிழ் எவ்வாறு வந்தது, அவ்வரலாற்றில் சிங்கப்பூரின் பங்கு யாது, இன்றைய வகுப்பறைக்கு அதனால் என்ன பயன் என்பவற்றைக் காண்போம்.

அச்சிலிருந்து தட்டச்சுக்கு

ஒரு புதிய கருவி வரும்போதெல்லாம் அதில் தமிழை ஏற்றும் வேலையை இவ்வட்டாரத் தமிழர் தாமே மேற்கொண்டிருக்கின்றனர். 1887 இல் சி. கு. மகுதூம் சாயபு இங்கே ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் தமிழ் எழுத்துகளை அடக்கும் வழியைக் கண்டார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார். 1935 இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது தமிழுக்கு அதில் உரிய இடம் வேண்டும் என்று போராடினார். அதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியையும் திரட்டினார். துறை 1956 இல் தொடங்கியது.

அந்நிதி நம் பொருளுக்கு நெருக்கமானது. எளிய மக்கள் சிறுசிறு தொகைகளாகத் தந்தனர், சேர்ந்தது பொதுச்சொத்தாயிற்று. கட்டற்ற மென்பொருளும் இதே முறையில்தான் உருவாகிறது. அங்கே பணம், இங்கே உழைப்பு.

1995: ஓர் ஆசிரியரின் முயற்சி

நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் குறிப்பிடத்தக்க சிறுகதையாசிரியர், தொழிலால் ஆசிரியர், பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். கணினியியல் அவர் படித்த துறையன்று. இருந்தும் தமிழைத் திரையில் எழுதுவதற்கான வழியைத் தேடினார். தாம் உருவாக்கிய தமிழ் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் ‘கணியன்’ என்று சங்கப் புலவரின் பெயரையே சூட்டினார். இணையத்திற்கு ‘இணையம்’ என்னும் பெயரைத் தந்தவரும் அவரே என்பர். இன்று அச்சொல்லை ஆக்கிய சொல் என்றே எவரும் உணர்வதில்லை. ஒரு கலைச்சொல்லுக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏறியது. அதிபர் ஓங் தெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தான் தின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் சேர்ந்து கோவிந்தசாமி தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கினார். சீனர் இருவரும் தமிழர் ஒருவரும் சேர்ந்து தமிழ் எழுத்துக்கு வழி அமைத்தது இந்நாட்டின் இயல்புக்குப் பொருந்தும் செய்தி.

1997 மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 இல் சென்னையிலும், 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரிலும் மாநாடுகள் நடந்தன. 2000 ஆம் ஆண்டு மாநாட்டில்தான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக ‘உத்தமம்’, பிறந்தது. ஆனால் கோவிந்தசாமி அதைக் காணவில்லை. 1999 இல் அவர் மறைந்தார். இன்றைய மாணவர்க்குக் கணியன் ஒரு வரலாற்றுப் பெயர் மட்டுமே. தனி மனிதரின் உழைப்பில் நிற்கும் ஒரு கருவி அவருக்குப் பின் என்னவாகும் என்னும் கேள்வியை அவருடைய மறைவு எழுப்பியது. இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

ஒரே தமிழ், பல குறியீடுகள்

அக்காலத்தில் கணினி ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடங்கள் மொத்தம் 256. அவற்றுள் முற்பாதியை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் வரைவதற்கு வேண்டிய உறுப்புகளை அடுக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளாளரும் தமக்குத் தோன்றிய வரிசையில் அடுக்கினர். ஆகவே ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. அந்நாளில் தமிழாசிரியராக இருந்த நாங்கள், வினாத்தாளுடன் எழுத்துருக் கோப்பையும் வட்டில் பதிந்து எடுத்துச் சென்றோம். அதை மறந்த நாளில் வினாத்தாளைக் கையால் எழுத நேர்ந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க இணையவழிக் கலந்துரையாடலில் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீடு உருவாயிற்று. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ ஆகிய குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. நிலையான தீர்வு ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் கிடைத்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் அம்முறையில் தமிழ் 1991 இல் வெளியான முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் குறியீட்டில் எண் இருந்தால் மட்டும் போதாது. எழுத்தைத் திரையில் சரியாக வரைந்து காட்டவும் வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்திற்கு முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலும் வரவேண்டும். கணினிக்கு இதைக் கற்பிக்க ஒரு தனி நிரல் தேவை. அதை யார் எழுதுவது? தமிழ் வாங்குவோர் தொகை சிறியது என்று கருதும் வணிக நிறுவனத்திற்கு அவசரம் இல்லை. இந்த இடத்தில்தான் நம் வரலாற்றில் கட்டற்ற மென்பொருள் நுழைகிறது.

பொதுவில் வைத்தல்

1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், கற்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் நான்கு உரிமைகள் அதன் அடிப்படை. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. 1993 இல் டெபியன், 2004 இல் உபுண்டு எனப் பல வடிவங்கள் தோன்றின. பயனர் கண்ணுக்குத் தெரியும் பணிமேடையைக் கேடிஇ (1996), குனோம் (1997) என்னும் இரண்டு திட்டங்கள் அளித்தன. சிங்கப்பூரிலும் லினக்ஸ் பயனர் குழு 1990-களிலேயே இயங்கியது.

இந்த ஏற்பாட்டில் சிறிய மொழிக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. தனியார் மென்பொருளில் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்க நிறுவனத்தின் இசைவு வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அவை யாவும் தனிக் கோப்பில் எளிய உரையாக இருந்தன: மேலே ஆங்கில வாக்கியம், கீழே மொழிபெயர்ப்புக்குரிய வெற்று வரி. அவ்வரியை நிரப்பி அனுப்பினால் அடுத்த பதிப்பில் உலகம் முழுவதும் அது தோன்றும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும்.

2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கேடிஇ, குனோம் ஆகியவற்றுக்கான தமிழாக்கம் தொடங்கியது. தமிழ்நாடு, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனச் சிதறி வாழ்ந்த தன்னார்வலர்கள் இரவு நேரங்களில் இவ்வரிகளை நிரப்பினர். ஒருவரையொருவர் நேரில் காணாதவர்களே மிகுதி. முகுந்தராஜ் சுப்பிரமணியன் முதலியோரின் ‘தமிழா’ குழு ‘இ-கலப்பை’ என்னும் தட்டச்சுக் கருவியைப் பரப்பியது. பின்னர் உபுண்டு தமிழ்க் குழுமம் தோன்றியது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கான ‘பாஸ்’ இயங்குதளத்தை 2007 இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது மாணவர் கைக்குச் சென்றது. 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே தந்தது. உத்தமமோ கலைச்சொல், ஒருங்குறி ஆகியவற்றுக்குப் பணிக்குழுக்களை அமைத்து, நாடுகளுக்கிடையே பேசுவதற்கு ஒரு மேடையாக நின்றது.

திரையின் இலக்கணம்

இத்தமிழாக்கம் வெறும் சொல் மாற்றமன்று. தமிழாசிரியர்க்கு இதில் சுவையான இலக்கணப் பாடங்கள் உள்ளன.

முதலாவது வினைச்சொல். பொத்தானில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா? பேசுபவர் யார் என்று கேட்டால் விடை எளிது. பொத்தானை அழுத்துபவர் பயனர். அவர் கருவிக்கு ஏவுகிறார். எனவே ‘சேமி’, ‘திற’, ‘மூடு’ என ஏவல் ஒருமை தகும். செய்தியில் பேசுவது கருவி, கேட்பவர் மனிதர். அங்கே ‘காத்திருக்கவும்’ என்னும் மரியாதை வடிவமே பொருந்தும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு தெரிவதில்லை. தமிழில் தெரியாமல் இருக்க முடியாது.

இரண்டாவது வேற்றுமை. ‘இக்கோப்பை நீக்கவா?’ என்று கேட்கும் வாக்கியத்தில் கோப்பின் பெயர் வரும் இடம் வெற்றிடமாக இருக்கும். இயங்கும்போது கணினி அதை நிரப்பும். கோப்பின் பெயர் ‘பாடல்’ ஆனால் ‘பாடலை’ என வேண்டும். ‘கடிதம்’ ஆனால் ‘கடிதத்தை’. ‘கணக்கு’ ஆனால் ‘கணக்கை’. சாரியையும் புணர்ச்சியும் அறியாத கணினி வெற்றிடத்தின் பின் ‘ஐ’ மட்டும் ஒட்டினால் ‘கடிதம்ஐ’ என்று பல்லிளிக்கும். மொழிபெயர்ப்பாளர் கண்ட வழி அழகானது: ‘கடிதம் என்னும் கோப்பை நீக்கவா?’ உருபைத் தாங்கும் பொறுப்பை, எப்போதும் மாறாத ‘கோப்பு’ என்னும் சொல்லிடம் அவர்கள் ஒப்படைத்தனர். நம் உரையாசிரியர்கள் பழகிய ‘என்னும்’ கணினித் திரையிலும் கைகொடுத்தது.

மூன்றாவது சொற்றேர்வு. கோத்து வைப்பதால் ‘கோப்பு’, உலவுவதால் ‘உலாவி’, சுட்டுவதால் ‘சுட்டி’ என்பவை நிலைபெற்றன. ‘கடவுச்சொல்’ பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூரில் நாம் பயணத்திற்கு எடுத்துச் செல்வது கடப்பிதழ். இலங்கையில் அது கடவுச்சீட்டு. இத்தகைய வேறுபாடுகள் ஒவ்வொரு வரியிலும் தலைகாட்டின. கணினியின் முகப்புத் திரைக்கே ‘பணிமேடை’, ‘மேசைத்தளம்’, ‘மேசைமுகப்பு’ எனப் பல பெயர்கள் வழங்கின. எது சரி என்று தீர்ப்பளிக்கத் தனி அதிகாரம் எவருக்கும் இல்லை. நாடு கடந்த ஒரு மொழிக்கு நாடு கடந்த ஓர் உரையாடல் தேவைப்பட்டது. அவ்வுரையாடலுக்குத் திரை ஒரு காரணமாயிற்று.

அகரவரிசை யார் பொறுப்பு?

நான்காவது பாடத்தை நாங்கள் வகுப்பறையிலேயே கற்றோம். ஒரு முறை மாணவர் பட்டியலைக் கணினியில் அகரவரிசைப்படுத்தியபோது கனிமொழி முதலிலும், கமலா அடுத்தும், கலைச்செல்வி இறுதியிலும் வந்தனர். நாம் கற்பிக்கும் நெடுங்கணக்கின்படி கமலா, கலைச்செல்வி, கனிமொழி என்றல்லவா வரவேண்டும்! மாணவி ஒருத்தி, “கணினி தவறா, நம் பாடநூல் தவறா?” என்று கேட்டாள்.

காரணம் இதுதான். ஒருங்குறி தமிழுக்குத் தந்த இடவரிசை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்த ‘இஸ்கி’ குறியீட்டைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் இவ்வரிசையையே தமிழ் வரிசை என்று கொள்ளும். புள்ளியின் இடம் கடைசியில் இருப்பதால் ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’ வந்துவிடும்.

இதைத் திருத்த எண்களை மாற்ற வேண்டியதில்லை. எந்த எழுத்து எதற்குப் பின் என்று கணினிக்குச் சொல்லும் தனி விதித்தொகுப்பு ஒன்றை எழுதினால் போதும். கட்டற்ற இயங்குதளங்களில் ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் அத்தகைய தொகுப்பு திறந்த கோப்பாக உள்ளது. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும், னகரத்திற்குப் பின் கிரந்த எழுத்துகளும் என்று அதில் விதிக்கலாம். தவறு கண்டவர் சுட்டலாம், திருத்தம் அனுப்பலாம். மாணவியின் கேள்விக்கு விடை இதுவே: தவறு பாடநூலில் இல்லை. கணினிக்கும் தானாக எதுவும் தெரியாது. நெடுங்கணக்கை அதற்குக் கற்பிக்கும் பொறுப்பு தமிழறிந்தவர்க்கு உரியது.

பயன் எங்கே சென்றது?

இம்முயற்சி வென்றதா? நேர்மையாக எடைபோட வேண்டும். தமிழ்ப் பணிமேடையைத் தம் அன்றாடக் கணினியாகக் கொண்டோர் தொகை என்றுமே பெரிதாக இருந்ததில்லை. சிங்கப்பூரில் தமிழ் தெரிந்த மாணவரும் கணினியை ஆங்கிலத்திலேயே இயக்குகின்றனர். மேலும், குனோம், உபுண்டு ஆகியவை ஆறு மாதத்திற்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளியிடுகின்றன. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வாக்கியங்கள் சேரும். இன்று நிறைவுற்ற தமிழாக்கம் அடுத்த பதிப்பில் குறைபட்டுவிடும். சில தன்னார்வலர் ஓய்ந்தால் திரை மெல்ல மெல்ல ஆங்கிலத்திற்குத் திரும்பும்.

எனினும் உழைப்பு வீணாகவில்லை; அது வேறு வழியில் பாய்ந்தது. லினக்ஸ் பணிமேடையில் தமிழ் முதலிய எழுத்துகளைச் சரியாக வரைவதற்காக வளர்ந்த நிரல்களின் வழிவந்தது ‘ஹார்ஃப்பஸ்’. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் நிறுத்துவது அந்நிரலே. ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸே. 2021 ஆம் ஆண்டின் இறுதிக்குள் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவர்க்கும் தனிப்பட்ட கற்றல் கருவி கிடைத்துவிட்டது. அவர்கள் உலாவியில் தமிழ்ப் பாடத்தைத் திறக்கும்போது, முகமறியாத பலர் பொதுவில் வைத்த உழைப்பைப் பயன்படுத்துகின்றனர். பெயர் தெரியாமல் உண்ணும் அன்னதானம் போன்றது இது.

கோவிந்தசாமியின் மறைவு எழுப்பிய கேள்விக்கும் இங்கே விடை உண்டு. பொதுவில் வைத்த நிரலை ஆக்கியவர் மறைந்தாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் எடுத்து நடத்த ஒருவர் வரவேண்டும். உரிமம் ஆளைத் தருவதில்லை. ஆளைத் தருவது சமூகம்.

அடுத்த கை

2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினர். சிறுபான்மையினரின் மொழிக்குச் சந்தை தானாக எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதை இவ்வெண் நினைவூட்டுகிறது. அதே வேளையில், இச்சிறு சமூகத்திலிருந்துதான் ஓர் ஆசிரியர் புறப்பட்டு இணையத்திற்குத் தமிழ்ப் பாதை போட்டார்; இந்நகரத்தில்தான் உத்தமம் பிறந்தது. 2011 இல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரியும் நமக்கு வாய்த்தது. எண்ணிக்கை சிறிதாயினும் செயல் பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஒரு பாடவேளையில் மாணவர்க்குப் பத்து ஆங்கிலக் கணினி வாக்கியங்களைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்லுங்கள். எங்கே ஏவல், எங்கே மரியாதை, எந்த உருபு எங்கே ஒட்டும், எந்தச் சொல் நம் நாட்டில் வழங்கும் என்று அவர்களே வாதாடட்டும். வேற்றுமையும் புணர்ச்சியும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அவர்கள் உணர்வர். அவ்வாக்கியங்களுள் நல்லவற்றைத் தன்னார்வலர் குழுவுக்கு அனுப்பலாம். அவை ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் டொராண்டோவிலும் யாரோ ஒருவர் அவற்றைத் தம் திரையில் படிப்பார்.

அன்று பட்டியலைக் காட்டிக் கேள்வி கேட்ட மாணவிக்கு நாங்கள் சொன்ன விடை அரைகுறையானது. விதித்தொகுப்பைப் பற்றி அப்போது எங்களுக்கே தெரியாது. தேடிக் கற்ற பின்னரே அகரவரிசையைக் காக்கும் அக்கோப்பு எவரும் திறந்து படிக்கக்கூடியது என்று அறிந்தோம். அதைத் திறந்து பார்த்தபோது அங்கே கமலாவும் கலைச்செல்வியும் கனிமொழியும் தத்தம் இடத்தில் நிற்பதற்கான வரிசையை யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருந்தார்.